ஐம்பத்திரண்டாவது சாமான்

கூடலூரில் ஆனி மாதத்துச் சாரல் ஒரு தினுசானது. குமுளி மலை மேல் மழை கொட்டிக்கொண்டிருக்கும். இங்கே வெயிலும் அடிக்கும், முகத்தில் பொடித் தூறலும் விழும். கொடியில் போட்ட துணி முழுக்க நனையவும் நனையாது, காயவும் காயாது. 2006ஆம் வருஷம் அப்படியொரு திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, நசீமா தன் வாடகை வீட்டு முன்னறையில் பாயை விரித்து, பாயின் மேல் பழைய போர்வையை விரித்து, அதன் மேல் துப்பாக்கியைக் கிடத்தினாள். பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி தலைமாட்டில் ஒரு துணியைச் சுருட்டியும் வைத்தாள். பிறகு தனக்கே சிரிப்பு வந்து துணியை எடுத்துவிட்டாள்.

மூன்று முழம் நீளத் துப்பாக்கி. வாய் வழியே மருந்தைப் போட்டுக் கெட்டிக்கிற ஒற்றைக் குழல். குதிரைக்குப் பக்கத்திலிருந்த இரும்புத் தகட்டில் ஒரு கிரீடமும் 1861 என்ற வருஷமும் இருந்தன. கட்டையின் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு. அதில் இங்கிலீஷில் நாலு வரி. கம்பம் கே. மீரான் ராவுத்தருக்கு, பெரியாற்று அணை வேலையில் செய்த உதவிக்காக, கேப்டன் ஹார்வியின் அன்பளிப்பு, 12-8-1895. மீரான் ராவுத்தர் நசீமாவின் தகப்பனுக்கு, அவள் அத்தா என்று கூப்பிட்டவருக்கு, தாத்தா. அணைக்குச் சுண்ணாம்பு ஏற்றிப்போன மாட்டுவண்டிகளில் பதினெட்டு வண்டி அவருடையது என்பது குடும்பத்தில் எல்லாரும் சொல்கிற சங்கதி. துப்பாக்கி இப்போது சுடாது. அடித் துளையை ஈயம் வைத்து அடைத்து, இது வெறும் பழம்பொருள்தான் என்று தாலுகா ஆபீசில் தாளும் வாங்கி வைத்திருந்தார்கள்.

அந்த நாலு வரி நிஜமானால் நசீமாவுக்கு ஒரு தோட்டம். லோயர் கேம்ப் போகிற பாதையில் மொக்கம்மாளின் திராட்சைத் தோட்டம் விலைக்கு வந்திருந்தது. நாற்பது சென்ட், கல்தூண் பந்தல், பன்னீர் திராட்சை, கிணற்றில் தண்ணீரும் உண்டு. மொக்கம்மாளுக்குப் பிள்ளைகள் திருப்பூரில். இரண்டு வருஷமாக நசீமாதான் அங்கே கூலிக்குக் கவாத்து வெட்டிக் கொடுத்தாள். பொம்பளை கவாத்து வெட்டுவதைப் பார்க்க முதல் வருஷம் வரப்பில் ஆள் நின்றது. கத்திரி பிடிக்கிற கையைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிப்போனது.

"ஒங்கையில போனா கொடி பட்டுப்போகாதுத்தா. அதுக்காகத்தேன் காத்திருக்கேன்," என்று மொக்கம்மாள் சொல்லியிருந்தாள். "ஆனா வெள்ளிக்கெழம வரைக்குந்தேன். அதுக்கு மேல எம்மகன் பேச்சக் கேக்கணும். அவென் செங்கச் சூளைக்காரனுக்கு விடணும்ங்குறான்."

கவாத்து அவளுக்கு அத்தா பழக்கியது. கம்பத்தில் அவர்களுக்கு மூன்று ஏக்கர் திராட்சை இருந்தது. அத்தா சேக் பரீத் முன்னே போவார்; பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு இவள் பின்னே போவாள். எந்தக் கண்ணுக்கு மேல் வெட்டினால் பூ வரும், எதற்கு மேல் வெட்டினால் வெறும் இலை வரும் என்பதெல்லாம் பன்னிரண்டு வயதில் அத்துப்படி. அண்ணன் ராஜா முகம்மதுக்குத் தோட்டமென்றால் தும்மல் வரும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மருந்தடிக்கிற நாளில் அவன் டவுனுக்கு ஓடிவிடுவான்.

நிச்சயம் ஆன வாரம் அத்தாவிடம் இவள் ஒன்று கேட்டாள். "நகை கொறச்சலா இருந்தாலும் பரவால்ல அத்தா. மேக்குப் பக்கத்து நாலு வரிசக் கொடிய எனக்குக் குடுங்க." அத்தா சிரித்தார். தலையைத் தடவினார். அந்த மாதம்தான் பரணில் சாக்குக்குள் கிடந்த துப்பாக்கியை இறக்கித் துடைத்தார். பாசியும் துருவும் போனபின் தகட்டில் எழுத்துத் தெரிகிறதென்று வீட்டையே கூப்பிட்டுக் காட்டினார். கூடத்துச் சுவரில் மாட்டினார். "இது நசீமாவுக்கு. நான் மவுத்தானதுக்கப்புறம் எடுத்துக்கிறட்டும். தோட்டம் இன்னைக்கு இருக்கும், நாளைக்குக் காயும். இந்த மாதிரிச் சாமான் சீமையிலயே ஒண்ணு ரெண்டுதேன் இருக்கும்," என்றார்.

2004இல் கண் மூடும் முன்னும் அதையே சொன்னார். "தோட்டம் அவனுக்கு. துப்பாக்கி ஒனக்கு. ஒசத்தியத்தேன் ஒனக்குக் குடுத்திருக்கேன்." நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மறுவாரம் நசீமா பதிவு ஆபீசில், தோட்டத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். போடுகிறபோது அண்ணன் முகம் கடுகடுவென்று இருந்தது. ஒசத்தி தங்கச்சிக்குப் போகிறதே என்ற கடுப்பு என்று அவள் புரிந்துகொண்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு அவுசேப்பு வந்தார். குமுளியில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர். உருளி, பெட்டி, கப்பல் விளக்கு, வாள் என்று வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்கிறவர். தமிழ் நன்றாகவே பேசுவார், நடுநடுவே மலையாளம் தட்டும்; தங்கச்சியைப் பெங்ஙள் என்பார், துப்பாக்கியைத் தோக்கு என்பார். குடையை வாசலில் விரித்தபடியே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, பாயின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"பெங்ஙளே, கதையெல்லாம் பின்ன சொன்னால் போதும். முதல்ல ஞான் நோக்கட்டே."

"பாருங்கண்ணே. நான் ஒண்ணும் பேசல."

பைக்குள்ளிருந்து ஒரு பூதக்கண்ணாடி, கொஞ்சம் பஞ்சு, பல்குத்துகிற குச்சி, மண்ணெண்ணெய்ச் சீசா என்று வரிசையாக எடுத்துவைத்தார். முதலில் குழலைப் பார்த்தார். அப்புறம் குதிரையை. கிரீடத்தின் மேல் கண்ணாடியை வைத்து வெகுநேரம் குனிந்திருந்தார். கூரைத் தகரத்தில் சாரல் அரிசி புடைக்கிற மாதிரிச் சத்தம் போட்டது.

"கிரீடம் அசல்," என்றார் நிமிர்ந்து. "எப்படீன்னு கேக்கலையே?"

"எப்படிண்ணே?"

"அச்சு வெச்சு ஒரே அடி. அடிவரைக்கும் ஒரே ஆழம். பின்ன, பாதி தேஞ்சிருக்கு பாருங்க. நூறு வருசம் கை பட்ட எடம் தேயணும். தேயாம பளபளன்னு இருந்தா நம்பக்கூடாது. ஆளும் அப்படித்தான்." தன் தமாஷுக்குத் தானே சிரித்தார்.

நசீமாவும் சிரித்தாள். நெஞ்சுக்குள் மொக்கம்மாள் தோட்டத்துக் கதவு திறந்த மாதிரி இருந்தது. "டீ போடுறேண்ணே," என்று எழுந்தாள்.

"எழுத்தையும் நோக்கிட்டுக் குடிக்கிறேன். இந்த மாதிரித் தோக்கு அந்தக் காலத்துல ஆயிரக்கணக்கா வந்தது, பெங்ஙளே. தோக்குக்கு வெல இல்ல. வெல எல்லாம் இந்த நாலு வரிக்குத்தான்."

அவள் இஞ்சியைத் தட்டிப்போட்டு டீயைக் கொதிக்கவைத்து எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக்கொண்டு வரும்போது, அவுசேப்பு பஞ்சை மண்ணெண்ணெயில் நனைத்து எழுத்தின் மேல் ஒற்றிக்கொண்டிருந்தார். பஞ்சு கருப்பாக வந்தது. அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"இதொண்ணு மோந்து பாருங்க."

நசீமா மோந்தாள். மண்ணெண்ணெய்க்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் புறப்படுகிற அத்தாவின் வாடை.

"செருப்புப் பாலிஷ்," என்றார் அவுசேப்பு. "பழைய எழுத்துல அழுக்கு கல்லு மாதிரி இருக்கும். குத்தினாத்தான் வரும். இது தடவி வெச்சது. ரெண்டாவது, ஓரத்தத் தொட்டுப் பாருங்க. கூரா இருக்கு. நூறு வருசம் தொடச்ச பித்தளையில ஓரம் மழுங்கிப் போயிருக்கணும். மூணாவது..." குச்சியால் ஓர் எழுத்தின் வளைவில் கோடு போட்டார். "சீமைக்காரன் உளியால செதுக்குவான். வால் மெலிசா ஓடும். இது செதுக்கினதில்ல, பெங்ஙளே. புள்ளி புள்ளியாக் குத்தினது. கரண்டு மிஷின். 1895ல கரண்டு மிஷின் எங்க இருந்தது? பின்னே, கடைசியில இதென்னது, பூவா?"

தேதிக்குப் பக்கத்தில் நடுவில் ஒரு புள்ளி. சுற்றி ஐந்து புள்ளி.

"ஞான் சொல்லுறதுக்குக் கோபிக்கண்டாம். தோக்கு அசல். எழுத்து கள்ளம்."

நசீமா டீ டம்ளரை நீட்டினாள். நீட்டும்போது அவள் கட்டைவிரல் வழக்கம்போல டம்ளரின் விளிம்புக்குக் கீழே சொரசொரவென்று உரசியது. பத்து வருஷமாக ஒவ்வொரு நாளும் அரப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்த சொரசொரப்பு. நீட்டிய கையைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். டீ போர்வையில் சிந்தியது.

கம்பம் சேக் பரீத் மகள் நசீமா, 28-4-96. பக்கத்தில் நடுவே ஒரு புள்ளி, சுற்றி ஐந்து புள்ளி.

அவுசேப்பு அவள் முகத்தைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். நாற்பது வருஷம் கள்ளச் சாமானைப் பார்த்த மனுஷன். கண்ணாடியை மடித்துப் பைக்குள் போட்டார். "சுவத்துல மாட்டுறதுக்குன்னா ஞான் எடுத்துக்கிறேன். ஒரு மாச வாடகை வரும். யோசிச்சுட்டுச் சொல்லுங்க," என்று எழுந்தார். டீயைக் குடிக்காமலே போய்விட்டார். குடையை மறந்துவிட்டார், பாதித் தெரு போய்த் திரும்பி வந்து, அவளை நிமிர்ந்து பார்க்காமலே எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் புருஷன் முஜிபுர் ரஹ்மான் வந்தான். கூடலூரிலிருந்து ஏலக்காட்டுக்குப் பொம்பளை ஆட்களை ஏற்றிப்போகிற ஜீப் ஓட்டுகிறவன். ஜீப் வேறொருத்தருடையது. சட்டையெல்லாம் ஈரமும் ஏலக்காய் வாசனையுமாக வந்து உட்கார்ந்தவன் முன்னால் அவள் டம்ளரையும் துப்பாக்கியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவன் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தான்.

"ஒங்கண்ணன் வேல," என்றான்.

"தொண்ணூத்தாறுல அண்ணனுக்கு மீசையே சரியா வரலங்க. காலேசுல இருந்துச்சு."

"பெறகு யாரு?"

அவள் சோற்றைப் போட்டு மொச்சைக் குழம்பை ஊற்றினாள். அவன் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"சரி. இந்தாளு இல்லாட்டி இன்னொரு ஆளு. கொச்சியில கண்ணு தெரியாத சேட்டு எவனாச்சும் இருப்பான். பூவ மட்டும் அரத்தால ராவி எடுத்துட்டா..."

"எடுத்துட்டா?"

"நம்மளயே ஏமாத்தியிருக்காகல்ல? நாம இன்னொருத்தன ஏமாத்துனா என்ன?"

"எங்க அத்தாவும் இப்படித்தேன் எதையாச்சும் சொல்லி மனசத் தேத்தியிருப்பாக," என்றாள் நசீமா. அத்தா செய்த வேலைதான் என்பது முதல் தடவையாக அவள் வாயிலிருந்து வந்தது. வந்தபின் அடுப்பங்கரைக்குப் போய், அலமாரியிலிருந்த சீர்ப் பாத்திரத்தையெல்லாம் இறக்கி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். அண்டா, குண்டான், தூக்குச்சட்டி, தாம்பாளம், கரண்டி. டம்ளரோடு சேர்த்து ஐம்பத்தொரு சாமான். ஐம்பத்தொரு பூ. மகள் ஷர்மின் எட்டு வயசு; அவளும் உட்கார்ந்து எண்ணினாள். "எல்லாத்துலயும் ஒரே பூவும்மா," என்று சந்தோஷப்பட்டாள்.

மறுநாள் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி, தாலுகா ஆபீஸ் தாளையும் மடித்து உள்ளே வைத்துக்கொண்டு நசீமா கம்பம் பஸ் ஏறினாள். கண்டக்டர் கேட்டதற்கு, "மம்பட்டிக்குப் போடுற கணைண்ணே," என்றாள்.

கம்பத்துப் பாத்திரக்கடை வாசலில் பேர் வெட்டுகிற பெனடிக்ட் அதே ஸ்டூலில் இருந்தார். அனுமந்தன்பட்டிக்காரர். சட்டைப் பித்தான் இடைவெளியில் மாதா படம் போட்ட கயிறு தெரியும். முப்பது வருஷமாக அந்தப் பள்ளத்தாக்கில் கல்யாணம் ஆகிப்போன பெண் பிள்ளைகள் பேரெல்லாம் அவர் ஊசி வழியாகப் போனதுதான். மடியில் ஒரு குடத்தைக் கவிழ்த்து வைத்து ‘கருத்தம்மாள்’ என்று எழுதிக்கொண்டிருந்தார். மிஷின் தேனீ மாதிரி இரைந்தது.

"பேரு வெட்டணுமாத்தா? மூணு மணி ஆகும். முகூர்த்த மாசம்."

"வெட்டுன பேரக் காட்ட வந்தேண்ணே." சாக்கை விலக்கித் தகட்டை மட்டும் காட்டினாள்.

பெனடிக்ட் மிஷினை அணைத்தார். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். தகட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட! நம்ம வேலல்ல இது! ராவுத்தர் வீட்டுத் துவக்கு. இங்கிலீசு எழுத்து ஒண்ணுகூடப் பெசகல பாத்தியா? வாத்தியார் ஒருத்தர் எழுதிக் குடுத்தாரு. கல்யாணப் பத்திரிகைக்குப் பின்னால எழுதியிருந்துச்சு. நீ யாருத்தா?"

"அவுக மக."

"கல்யாணப் பொண்ணா!" என்றவர் மடியிலிருந்த குடத்தைக் கீழே வைத்தார். மலர்ந்த முகம் மெல்ல மெல்ல மூடியது. "ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்," என்றார்.

"சொல்லுங்கண்ணே. எனக்குக் கோவமில்ல."

"என்னத்தச் சொல்ல. அம்பத்தொரு சாமான் கொண்டாந்தாரு. கூடவே சாக்குல இது. தகடு வழுவழுன்னு மொட்டையா இருந்துச்சு. 'பெனடிக்ட்டு, எம்மக தோட்டம் கேக்குது. இல்லேன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது. குடுத்தா தோட்டம் இன்னொரு வீட்டுக்குப் போயிரும். அதுக்கு மேல ஒசத்தியா ஒண்ணக் குடுத்தாத்தேன் மறக்கும்'னாரு. பொண்ணு மேல அம்புட்டுப் பிரியம்டான்னு நான் நெனச்சுக்கிட்டேன்."

"பிரியந்தேன்," என்றாள் நசீமா.

"காலையிலருந்து ஒங்க சாமானுக்கே எழுதிக்கிட்டிருந்தேனா, கை அதே ஓட்டத்துல கடைசியில பூவப் போட்டுருச்சு. கல்யாணச் சாமானுக்குப் பூப் போடாம என் கை நிக்காது. ஒங்கத்தா பாத்துட்டு, 'ஏலே, வெள்ளக்காரன் பூப் போடுவானா'ன்னு சத்தம் போட்டாரு. வெள்ளக்காரனுக்குப் பூன்னா ஆகாதா மொதலாளின்னேன். ராவி எடுத்தா தகடு பள்ளமாயிரும். 'வீட்ல கேட்டுட்டு வாரேன்'னு சாக்கச் சுத்திக்கிட்டுப் போனாரு. மறுநா வந்து, 'இருக்கட்டும்'னுட்டாரு. கூலி கேட்டதுக்கு, அம்பத்தொண்ணு எழுதுறேல்ல, அதோட இது ஒண்ணு சும்மாடான்னாரு. சும்மாதேன் எழுதுனேன்."

கடைக்குள்ளிருந்து யாரோ கருத்தம்மாள் குடத்தைக் கேட்டார்கள். பெனடிக்ட் காதில் வாங்கவில்லை.

"தப்புப் பண்ணிட்டேனாத்தா?"

"நீங்க பேருதானண்ணே வெட்டுனீக," என்று சொல்லி, நசீமா சாக்கைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

அண்ணன் ராஜா முகம்மது தோட்டத்திலேயே இருந்தான். பந்தலுக்கடியில் இருட்டாகக் குளிர்ச்சியாக இருந்தது. பறிப்புக்கு இன்னும் பத்து நாள். கொத்துகள் கருக்க ஆரம்பித்திருந்தன. மேற்குப் பக்கத்து நாலு வரிசை கவனிப்பில்லாமல் வெறும் இலையாக முட்டிக்கொண்டு நின்றது. எந்தக் கண்ணுக்கு மேல் வெட்டியிருக்கிறார்கள் என்று தூரத்திலேயே அவளுக்குத் தெரிந்தது.

"வா, சீமாட்டி," என்றான் அண்ணன், உட்கார்ந்திருந்த பழப்பெட்டியிலிருந்து எழாமலே. "வித்துட்டியாமே? குமுளி ஆளு வந்ததாப் பேச்சு."

அவள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். பாலிஷ், புள்ளி, பூ, பெனடிக்ட். சொல்லும்போது அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருத்தம் வரும் என்று பார்த்தாள். வெட்கமாவது வரும் என்று பார்த்தாள். அவன் தோள் இரண்டும் மெல்ல இறங்கின. ரொம்ப நாளாகத் தூக்கி வைத்திருந்த சுமையை இறக்கின மாதிரி மூச்சு விட்டான்.

"ரெண்டு வருசமா நான் சரியாத் தூங்கலத்தா," என்றான். "ஆம்பளப் பிள்ளை நான் இருக்க, ஒசத்திய ஒனக்குக் குடுத்துட்டுப் போயிட்டாரே, எம்மேல அத்தாவுக்கு என்ன கொறைன்னு நெனச்சு நெனச்சு... அப்ப எனக்குத்தேன் குடுத்திருக்காக."

"ஆமாண்ணே. ஒனக்குத்தேன்."

"நீ மனசுல வச்சுக்கிறாத."

"நாலு வரிச குடுண்ணே. மேக்குப் பக்கம். நீயும் அதப் பாக்குறதில்ல. இலையாத்தான முட்டிக்கிட்டு நிக்குது."

அவன் எழுந்தான். ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டான். "பத்திரம் ஆயிப்போச்சேத்தா. அத்தா ஆசப்பட்டு வச்சத நான் மாத்துனா மவுத்தானவுகளுக்குச் செய்ற துரோகமாகிப் போகும். வேணும்னா பறிப்புக்கு வா. ஒனக்குக் கூலி கூடப் போட்டுத் தாரேன்." அன்பாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மொக்கம்மாள் தோட்டம் செங்கல் சூளைக்காரருக்குப் போனது. மொக்கம்மாள் வந்து வாசலில் நின்று, "நான் என்னத்தா செய்வேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனாள். மறுவாரம் கல்தூண்களைப் பிடுங்கி லாரியில் ஏற்றுவதை, ஜீப்பிலிருந்து முஜிபுர் பார்த்துவிட்டு வந்து சொன்னான். அவள் அந்தப் பாதையில் போவதை விட்டுவிட்டாள்.

ஆவணியில் அத்தாவுக்கு வருஷ ஃபாத்திஹா வந்தது. அதற்கு முதல் நாள் நசீமா மறுபடி பெனடிக்ட்டிடம் போனாள்.

"இங்கிலீசுக்குக் கீழ எடம் இருக்குல்லண்ணே. தமிழ்ல ரெண்டு வரி எழுதுங்க."

பெனடிக்ட் ஊசியைத் தட்டிப் பார்த்தார். "என்னன்னு எழுத?"

"கம்பம் சேக் பரீத் மகள் நசீமாவுக்கு அத்தா அன்பளிப்பு. 28-4-96."

அவர் அவளை ஒரு தடவை பார்த்தார். மிஷினைப் போட்டு எழுதினார். கடைசி எண்ணை எழுதி மிஷினைத் தூக்கினவரிடம், "பூ?" என்றாள்.

"வேணுமாத்தா?"

"கல்யாணச் சாமானுக்குப் பூப் போடாம ஒங்க கை நிக்காதேண்ணே."

போட்டார். கூலி வேண்டாம் என்றார். அவள் வற்புறுத்திக் கையில் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் அண்ணன் வீட்டுக் கூடத்தில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். கொல்லையில் நெய்ச்சோறு தம்மில் கிடந்தது. தால்சா வாசனை தெரு வரை வந்தது. அஜரத் ஓதி முடித்துத் துஆச் செய்ததும், நசீமா சாக்கைப் பிரித்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, பழைய ஆணியிலேயே, கட்டை கீழே தொங்குகிறபடி துப்பாக்கியை மாட்டினாள். தகடு வெளிப்பக்கம் தெரிந்தது.

"என்னத்தா இது? ஒன் பொருளு ஒன் வீட்ல இருக்கட்டுமே," என்றான் அண்ணன்.

"எங்க வீட்டுச் செவுரு மண்ணுண்ணே. ஆணி நிக்காது. அத்தா குடுத்ததுன்னு நாலு பேரு பாக்கட்டும்."

உத்தமபாளையத்துப் பெரிய மாமு கிட்டே போய்ச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். அவர் பழைய எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷை மிடுக்காக வாசித்தார். 'கேப்டன் ஹார்வி' என்றபோது இரண்டு பேர் மாஷா அல்லாஹ் சொன்னார்கள். அதே மிடுக்கில் தமிழுக்கு இறங்கினார். அத்தா அன்பளிப்பு என்று வந்ததும் குரல் தேய்ந்தது. தேதியை வாய்க்குள் வாசித்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். அங்கேயும் பூ, இங்கேயும் பூ. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சோறு ஆறுது, எல்லாரும் வாங்க," என்று அண்ணன் கத்தினான்.

எல்லாரும் எழுந்து போனார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நாலு பேர் சேர்ந்து சாப்பிடுகிற சகன் தட்டுகள் வைக்கிற சத்தம் கொல்லையில் கேட்டது.

கூடத்தில் நசீமாவோடு அம்மா லத்திபா மட்டும் நின்றாள். அம்மாவுக்கு அரபு வாசிக்கத் தெரியும், தமிழ் வாசிக்கத் தெரியாது. சுவரோரம் வந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தகட்டைக் கையால் தடவினாள். மேல் வரிகளைத் தடவினாள். புதுசாக வெட்டிய கீழ் வரிகளில் விரல் மெதுவாக ஊர்ந்தது. கடைசியில் ஐந்து புள்ளிக்கு வந்ததும் விரல் நின்றது.

"இன்னொரு பூவா," என்றாள்.

"ஆமாம்மா."

அம்மா கையை எடுக்கவில்லை. "அன்னைக்கு ஒங்கத்தா இதத் தூக்கிட்டு வந்து தலையில கைய வச்சுக்கிட்டு ஒக்காந்துட்டாக. பூ விழுந்துருச்சு லத்திபா, எவனாச்சும் கண்டுபிடிச்சிருவான், புதுத் தகடு மாத்தட்டுமான்னாக."

நசீமா அம்மா பக்கம் திரும்பினாள். "நீங்க என்னம்மா சொன்னீக?"

"நாந்தேன் இருக்கட்டும்னு சொன்னேன்," என்றாள் அம்மா. முந்தானையால் தகட்டை ஒரு தடவை துடைத்தாள். "பொம்பளப்பிள்ளைக்குப் போற சாமான்தானே, யாரு பாக்கப் போறாகன்னேன்."

கொல்லையிலிருந்து தால்சாவுக்குக் கரண்டி கேட்டார்கள். அம்மா, "இந்தா வந்துட்டேன்," என்று குரல் கொடுத்துக்கொண்டே உள்ளே போனாள்.